ஆப்பிள் மரத்தடியில் ஒரு கல்யாணம்

பிரான்ஸ் தேசத்தின் படத்தை நேயர்கள் எடுத்துப் பார்த்தால், அதன் மேற்குக் கோடியில் ஒரு நிலப்பகுதி, அட்லாண்டிக் சமுத்திரத்தை முகர்ந்து பார்க்க நீட்டிய மூக்கைப் போலத் துருத்திக்கொண்டிருப்பதைக் காணலாம். அதுதான் பிரிட்டனி. பெயரைக் கேட்டதும் ஆங்கிலேயருடைய பிரிட்டன் என்று எண்ணிவிட வேண்டாம். ஆயினும் உறவு இல்லாமலும் இல்லை. சுமார் 1500 வருஷங்களுக்கு முன்னர் பிரிட்டன் தீவிலிருந்து கடல் கடந்து வந்து குடியேறிய ஜனங்களே இந்நாட்டுக்குத் தங்கள் பெயரையும் பாஷையையும் கொடுத்தார்கள். அந்தப் பாஷைக்குப் பிரெத்தோன் என்று பெயர். அது பிரெஞ்சு மொழியின் கிளையன்று. வேல்ஸ் நாட்டு மொழிக்கு உடன்பிறந்தது.

ஜூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமையன்று பாரிஸ் மோன்பர்னாஸ் ஸ்டேஷனில் ரயிலேறி, கேம்பேர் என்னும் பட்டணத்தில் இறங்கி, அங்கிருந்து மோட்டாரில் ஒரு கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கருங்கல் வீடுகள், பலகைக் கல் வேய்ந்த கூரைகள், வீட்டுக்கு வீடு நீல நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூத்த செடிகள், வயலுக்கு வயல் உயர்ந்த மண் வரப்பும் அதன்மேல் வேலிமரங்களும். வானத்தில் மேகம் வருவதும் போவதுமாக இருந்தது. இந்த ஊருக்கு நாம் வந்த காரியம் ஒரு கல்யாணத்தைப் படம் பிடிப்பது.

மணமகன் இவ்வூர்க் குடியானவர் ஒருவரின் புதல்வன். மணமகளோ நமது நண்பரின் புதல்வி. பாரிஸ் நகரத்தை அடுத்த பேட்டையில் பிறந்து வளர்ந்தவளாயினும், புதுச்சேரித் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவள். புதுச்சேரி 1954 நவம்பர் 1-ந் தேதி இந்தியாவின் நிர்வாகத்தில் வந்தது. 1962 ஆகஸ்டு 16-ந் தேதி சட்டப்படியும் இந்தியாவைச் சேர்ந்தது. அப்போது, அங்கே பிறந்த பிரெஞ்சுப் பிரஜைகள் விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துத் தங்கள் பிரஜா உரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று உடன்படிக்கையில் கண்டிருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவகம் செய்த ‘சொல்தா’க்கள் பலர் அவ்விதம் எழுதிக் கொடுத்தார்கள். மணமகளின் தாத்தா அவர்களில் ஒருவர். அவர் காலமாகிவிட்டார், ஆயா இருக்கிறார்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னரே மணமகள் நம்மிடம் டெலிபோனில் பேசினாள்.

“மாமா, எங்களை நிறுத்தி வைத்து, கழுத்தைத் திருப்பி, சிரிக்கச் சொல்லிப் படம் எடுக்க வேண்டாம். நடப்பது நடந்தபடி இருக்கட்டும். ஆனால் ஒன்றே ஒன்று வேண்டும். ஆயாவின் முகம் முகமாகத் தெரிய வேண்டும்” என்றாள்.

இது என்ன விசித்திரமான கோரிக்கை என்று நேயர்கள் கேட்கலாம். அந்த வீட்டிலுள்ள படங்களைப் பார்த்தவர்களுக்கு அது விசித்திரமாகத் தோன்றாது. புதுச்சேரியில் ஒரு ஸ்டூடியோக்காரர் எடுத்த ஆயாவின் கல்யாணப் படம், கறுப்பு வெள்ளைதான் என்றாலும், கண்ணும் மூக்கும் பேசுகின்றன. பிரான்சுக்கு வந்தபின் எடுத்த வர்ணப் படங்களிலோ, வெள்ளைக்கார அண்டை வீட்டார் பளிச்சென்று நிற்க, அவர் பக்கத்தில் ஒரு புடவையும் பல்வரிசையும் மட்டுமே இருக்கின்றன. முப்பது வருஷங்களுக்கு மேலாக இதைப் பார்த்துப் பார்த்து, காமிராவைக் கண்டால் பின்வரிசைக்கு நகர்ந்துவிடுவது அவருக்கு வழக்கமாகிவிட்டது.

தோஷம் ஆயாவினுடையதன்று. வர்ணப் பிலிம் செய்தவர்கள், அச்சிடும் கூடங்களுக்கு நிறத்தைச் சரிபார்க்க ஒரு மாதிரி அட்டை அனுப்புவார்கள். அதில் வெகு காலம் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படமே இருந்தது. முதலில் அதற்கு உட்கார்ந்த பெண்ணின் பெயரால் அதை ‘ஷெர்லி அட்டை’ என்று அழைத்தார்கள். ஷெர்லியின் கன்னம் சரியாக வந்தால் உலகமே சரியாக வந்ததாக அர்த்தம்! மற்ற நிறத்தாரின் முகங்களும் அடங்கிய அட்டைகள் பரவலாக வந்தது 1990-களில்தான்.

இக்காலத்துக் காமிராவில் பிலிம் இல்லை. ஆனால் வெளிச்சத்தை அளக்கும் அதன் கருவிக்கு இன்னமும் ஒரு பிடிவாதம் உண்டு. எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே அது எண்ணிக்கொள்ளும். வெள்ளைச் சுவரும் வெள்ளை உடையும் எதிரே இருந்தால், ‘வெளிச்சம் அதிகம்’ என்று படம் முழுவதையும் கறுக்க வைத்துவிடும். முதலில் மூழ்கிப்போவது கறுத்த முகம். நம் நாட்டு ஸ்டூடியோக்கள் சில இதற்கு ஒரு மாற்று வைத்திருக்கின்றன: மணப்பெண்ணின் முகத்துக்குப் பிற்பாடு வெள்ளை பூசிவிடுவது. நோயைக் காட்டிலும் கொடிய மருந்து அது! இரண்டு நிறத்து முகங்களும் ஒரே படத்தில், ஒரே வெளிச்சத்தில், தத்தம் நிறத்தோடு விளங்க வேண்டும். இதுவே நாம் ஏற்றுக்கொண்ட வேலை.

சனிக்கிழமை காலை கல்யாணம் ஊர் மன்றத்தில் தொடங்கியது. பிரான்சில் 1792 முதல் விவாகம் சர்க்கார் காரியம். மேயர் முன்னிலையில் பதிவான பின்னரே கோயிலோ பந்தலோ. அதற்கு முன்னதாக மதச் சடங்கை வழக்கமாகச் செய்துவைக்கும் குருமாருக்குத் தண்டனையும் உண்டு. நீலம், வெள்ளை, சிவப்பு என்ற மூவர்ணப் பட்டையைத் தோளில் அணிந்த மேயர் அம்மாள், தம்பதிகள் ஒருவருக்கொருவர் மரியாதையும் விசுவாசமும் உதவியும் கடமைப்பட்டவர்கள் என்ற சட்ட விதிகளை வாசித்தார். மன்றத்தின் கதவுகள் விரியத் திறந்திருந்தன. யாரும் வந்து பார்க்கலாம், ஆட்சேபிக்கலாம் என்பது அதன் தாத்பரியம். அன்று உள்ளே வந்தது ஒரு நாய் மட்டுமே. அது ஆட்சேபம் ஒன்றும் தெரிவிக்கவில்லை.

ஆனால் நமக்கு அங்கே தோல்வி நேர்ந்தது. சுவரெல்லாம் வெள்ளை, முதுகுப்புறம் பெரிய ஜன்னல். பேத்தி கையெழுத்திட்டதும் ஆயா எழுந்து அவளை உச்சி மோந்தார். எடுத்த படத்தைத் திருப்பிப் பார்த்தோம். பேத்தியின் வெள்ளைக் கவுன் நன்றாக இருந்தது. ஆயாவின் முகம் இருந்த இடத்தில் ஒரு நிழல் இருந்தது. நாம் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார். “என்னை எடுக்காதே அப்பா. இருட்டுத்தான் விழும்” என்றார். அவர் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நமக்கு இவ்வளவு வருத்தம் உண்டாகியிராது.

உடனே ஆப்பிள் தோட்டத்துக்குப் போனோம். மணமகனின் தகப்பனார் தோட்டத்தின் நடுவே, நல்ல வெயிலில் பந்தற்கால் நட்டிருந்தார். நெற்றியும் மூக்கும் பளபளக்க, கண்குழிகள் கறுத்துக் கிடக்கும் இடம் அது! நமது சங்கடத்தை அரைகுறைப் பிரெஞ்சில் தெரிவித்தோம். அவர் தலையைச் சொறிந்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு ஒன்றும் பேசாமல் டிராக்டரைக் கொண்டுவந்து, கால்களைப் பிடுங்கி, மரவரிசையின் ஓரத்து நிழலில் திரும்ப நட்டுக் கொடுத்தார். மேலே இலைக் கூரை, எதிரே திறந்த வானம். அங்கே நிற்பவர் கறுப்பானாலும் வெளுப்பானாலும், வெளிச்சம் எல்லார் முகத்திலும் மெதுவாக வந்து விழும். காமிராவின் அளவுகருவியைப் பந்தலின் பக்கமே திருப்பவில்லை. அதே நிழலிலிருந்த பசும்புல்லை அளந்து, அந்தக் கணக்கிலேயே காமிராவைக் கையால் நிறுத்தி வைத்தோம். நடுத்தர வெளிச்சத்துக்குப் புல்லைப் போல நியாயமான அளவுகோல் வேறில்லை. அது மணமக்கள் யாருடைய பந்துவுமன்று.

இதற்குள் தூரத்தில் வாத்தியம் கேட்டது. நாதஸ்வரந்தான் என்று ஒரு கணம் மயங்கினோம். அது ‘பொம்பார்ட்’ என்னும் குழல். நம் நாதஸ்வரத்தைப் போல இரட்டைச் சீவாளி வைத்து ஊதுவது. நீளம் அதில் பாதிகூட இராது. துணைக்கு ‘பினியு’ என்னும் சிறிய பைவாத்தியம். பொம்பார்ட் ஊதுவதற்கு மூச்சு மிகுதியாக வேண்டுமாகையால், ஊதுகிறவர் ஓர் அடியை ஊதிவிட்டு இளைப்பாறுவார். பினியு அதே அடியைத் திரும்பச் சொல்லிக்கொண்டு நிற்கும். அக்காலம் முதல் இந்நாட்டு மணமக்களை ஊர்வலமாக அழைத்து வருவது இந்த ஜோடிதான். இப்போதும் அவர்கள் முன்னே வர, பட்டுப்புடவையும் பட்டுவேஷ்டியும் பின்னே வந்தன. மணமகனின் வேஷ்டி பெல்டுக்கு அடிமைப்பட்டிருந்தது என்பதை மட்டும் ரகசியமாகச் சொல்லி வைக்கிறோம்.

வாழைமரத்துக்குப் பதில் ஆப்பிள் கிளை. மாவிலைக்குப் பதில் அதன் இலை. புரோகிதர் இல்லை, குடும்பத்துப் பெரியவர்களே நடத்தி வைத்தார்கள். தாலி எடுத்துக் கொடுக்கும் சமயத்தில் மணமகளின் மாமன் ஆட்காட்டி விரலை உயர்த்தி, “கெட்டிமேளம்! கெட்டிமேளம்!” என்று முழங்கினார். முதல்நாள் இரவே பாடம் சொல்லி வைத்திருந்தபடியால், பொம்பார்ட்காரர் கன்னம் சிவக்க ஊதித் தீர்த்தார். நாம் யாரையும் விலகச் சொல்லவில்லை; இன்னொரு தரம் கட்டச் சொல்லவுமில்லை. தாலி முடிச்சு விழுந்த கணத்தில் ஒரு சித்தியின் முதுகு நமக்கு முன்னே இருந்தது. முடிச்சு படத்தில் இல்லை. ஆனால் அந்த முதுகுக்கு மேலே, அட்சதைக் கையை உயர்த்தியபடி ஆயா இருந்தார். பக்கத்தில் மணமகனின் பாட்டியார் இருந்தார். இருவர் முகமும் இருந்தன.

பின்பு விருந்து. இவ்வூரார் ‘கறுப்புக் கோதுமை’ என்று ஒரு தானியத்தைச் சொல்கிறார்கள். கோதுமைக்கும் அதற்கும் யாதொரு உறவும் இல்லை. அதன் மாவைக் கரைத்து, ‘பிலிக்’ என்னும் வட்ட இரும்புக் கல்லில் ஊற்றி, சிறு மரக்கட்டையால் சுழற்றித் தேய்த்து மெல்லிய பண்டமாக வார்க்கிறார்கள். அதைப் பார்த்ததும் நமது சித்திமார்களுக்குக் கை சும்மா இருக்குமா? கட்டையைத் தள்ளிவிட்டுக் கரண்டியின் அடிப்பாகத்தால் தேய்க்கத் தொடங்கினார்கள். பிரிட்டனி ஸ்திரீகள் முதலில் சிரித்தார்கள். பிறகு கரண்டியைக் கேட்டு வாங்கினார்கள்.

ஜூன் மாதத்தில் இங்கே சூரியன் இரவு பத்து மணிக்கு மேல்தான் அஸ்தமிக்கிறான். ஒன்பது மணிச் சாய்ந்த வெயிலில், கருங்கல் சுவரை ஒட்டிய விசிப்பலகையில் இரண்டு பாட்டிமார்களும் உட்கார்ந்திருந்தார்கள். பிரிட்டனிப் பாட்டியார் தம் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அக்காலத்தில் பிரெத்தோன் பேசி அகப்பட்ட குழந்தையின் கழுத்தில் ஒரு மரச் செருப்பையோ வேறு அடையாளத்தையோ மாட்டிவிடுவார்களாம். அடுத்துப் பேசி அகப்படும் குழந்தையிடம் அது போய்ச் சேருமாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பத்து லட்சம் பேர் பேசிய அந்தப் பாஷை, இன்று இரண்டு லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. தம் மக்களுக்கு அதைச் சொல்லித்தராததே தாம் செய்த பிழை என்றார்.

பேத்தி இதைத் தமிழில் சொல்லக் கேட்ட ஆயா சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, “நம்ம ஊரிலேயும் சில பள்ளிக்கூடத்தில் தமிழ் பேசினால் அபராதம் போடுகிறார்களாம். இந்த அம்மாவிடம் சொல்” என்றார். பிரிட்டனிப் பாட்டியார் ஆயாவின் கையைத் தம் கைக்குள் எடுத்து வைத்துக்கொண்டார். நாம் அப்போது படம் எடுத்தோம். ஆயா நகர்ந்து போகவில்லை.

இரவு ‘பெஸ்ட்-நோஸ்’ என்னும் கூத்து நடந்தது. பெயருக்கு இரவுத் திருவிழா என்று பொருள். 2012-ல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் இதை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது. சுண்டுவிரலோடு சுண்டுவிரல் கோத்து, வட்டமாக நின்று, சிறுவர் முதல் கிழவர் வரை ஆடுகிறார்கள். நாமும் காமிராவை ஆப்பிள் கிளையில் மாட்டிவிட்டு விரல் கொடுத்தோம். ஆகவே அந்த ஆட்டத்துக்குப் படம் இல்லை.

ஊர் திரும்பும் முன் பாரிஸில் படங்களை அச்சிட்டு ஆயாவிடம் கொடுத்தோம். பாட்டிமார்களின் படத்தை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். நன்றாக இருக்கிறதென்றோ இல்லையென்றோ ஒன்றும் சொல்லவில்லை.

“இதில் இன்னொன்று போடுவாயா அப்பா? முத்தியால்பேட்டையில் என் தங்கச்சிக்கு அனுப்ப வேண்டும்” என்றார்.