மே மாதத்தில் தேறினால்தான் தேர்ச்சி

எங்கள் திருத்தணிக்கு இரண்டு விஷயத்தில் பெயர். ஒன்று மலைமேல் இருக்கும் முருகன், மற்றொன்று வெயில். கோடையில் டிவியில் வெப்பநிலைப் பட்டியல் வாசிக்கும்போது வேலூரோடு எங்கள் ஊரும் வந்துவிடும். 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே இல்லை.

இப்படிப்பட்ட ஊரில் எதிர்வீட்டுப் பையன் கம்ப்யூட்டரை ஓவர்கிளாக் செய்யக் கிளம்பினான். கம்பெனி குறித்த வேகத்துக்கு மேல் ப்ராசஸரை ஓட்டுவதுதான் அது. பழைய வித்தைதான். 1998-ல் இன்டெல் வெளியிட்ட 300 மெகாஹெர்ட்ஸ் செலரானை 450-ல் ஓட்டியவர்கள் உலகமெங்கும் உண்டு.

"கேம் நல்லா ஓடும் தாத்தா" என்றான். ஆனால் அதே கம்ப்யூட்டரில்தான் அவன் அப்பா கடைக் கணக்கும் ஜிஎஸ்டியும் போடுகிறார். அதனால் நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"வெடிச்சிடுமா?" என்று கேட்டார் அவன் அம்மா. இன்றைய ப்ராசஸர் அவ்வளவு லேசில் எரியாது. 95, 100 டிகிரியை நெருங்கினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; அதையும் மீறினால் அணைந்துவிடும். பயப்பட வேண்டியது வேறு. வேகம் தாங்காத ப்ராசஸர், நின்றுபோகாமலே தப்பாகக் கணக்குப் போடும். ஃபைல் கெடும், கெட்டது அன்றைக்குத் தெரியாது. ஆகவே முதல் வேலையாகக் கணக்குகளை எல்லாம் தனி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து வைத்தோம்.

அடுத்தது வோல்டேஜ். வேகத்தை ஏற்றினால் சூடு அதே விகிதத்தில் ஏறும். வோல்டேஜை ஏற்றினாலோ அதன் வர்க்கத்தில் ஏறும். இரண்டையும் பத்துப் பத்து சதவீதம் கூட்டினால் சூடு 33 சதவீதம் கூடிவிடும். வோல்டேஜைத் தொடாமல் எவ்வளவு கிடைக்கிறதோ அது போதும் என்று முடிவானது.

டிசம்பர் 31 படித் திருவிழாவில் மலையின் 365 படிகளையும் ஒவ்வொன்றாக நின்று, பாடித்தான் ஏறுவார்கள். அவனும் அப்படித்தான் ஏறினான். 50 மெகாஹெர்ட்ஸ் கூட்டுவான். ப்ரைம்95 ஓடவிட்டுப் பிழை வருகிறதா, சூடு எவ்வளவு என்று பார்ப்பான். பிறகு அடுத்த படி.

ஜனவரியில் ஒரு வேகம் ராத்திரி முழுக்க நின்றது. "முடிஞ்சுது தாத்தா" என்றான்.

"மே மாசம் வரட்டும்டா" என்றேன்.

ஃபேன் வைத்த கூலர், ப்ராசஸரை அறைக் காற்றைவிடக் குளிர வைக்க முடியாது. அறை 25 டிகிரியில் இருக்கும்போது 75-ல் நிற்கும் ப்ராசஸர், அறை 38 ஆனால் 88-க்குப் போகும். குளிர் நாட்டுக்காரர்கள் சொல்லும் அளவு நமக்கு எப்படிப் பொருந்தும்?

அக்னி நட்சத்திரத்தில் மதியம் இரண்டு மணிக்கு மறுபடி சோதித்தான். ஜனவரியில் நின்ற வேகம் அரை மணியில் பிழை காட்டியது. இரண்டு படி இறக்கினான். சாயங்காலம் வரை ஒரு பிழையும் இல்லை.

"கேம்ல பெரிசா வித்தியாசம் தெரியல தாத்தா" என்று அவனுக்குக் கொஞ்சம் வருத்தம். அவன் அப்பாவின் கணக்கிலும் ஒரு பைசா வித்தியாசம் இல்லை.