தாத்தா, அப்பா, பிள்ளை

ஊறுகாய் போடுகிற எந்தப் பெண்மணியும் ஒரே ஜாடியை நம்புவதில்லை. பெரிய ஜாடியில் ஒரு பங்கு. கைப் புழக்கத்துக்குச் சின்ன ஜாடியில் ஒரு பங்கு. ஒன்றில் பூசணம் பூத்தாலும் மற்றது தப்பும். இந்த ஞானம் சமையலறையோடு நின்று விடுகிறதே என்பதுதான் என் வருத்தம். பத்து வருஷத்துப் புகைப்படங்களை ஒரே கம்ப்யூட்டரில் போட்டு வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம்!

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் என் மாமனார் பேரனுக்குச் சொன்ன கதைகள் இருக்கின்றன, அவர் குரலிலேயே. அவர் காலமாகி விட்டார். இனி ஒரு தடவை அவற்றைப் பதிவு செய்ய முடியுமா? ஆகவே, 'பேக்கப்' பொறுப்பை நானே ஏற்றுக் கொண்டேன்.

"ஒரே டிஸ்க்கில் தினம் நகல் எடுத்தால் போதாதா?" என்றார் என் கணவர்.

போதாது. இன்று ஒரு கோப்பு கெட்டுப் போகிறது, நமக்குத் தெரியவில்லை. இரவு நகல் எடுக்கும்போது, கெட்டது நல்லதின் மேல் ஏறி உட்கார்ந்து விடும். இதற்குக் கம்ப்யூட்டர்காரர்கள் கண்ட உபாயத்தின் பெயரே வேடிக்கை: 'தாத்தா, அப்பா, பிள்ளை' முறை! அன்றாடப் பிரதி பிள்ளை. வாரப் பிரதி அப்பா. மாதப் பிரதி தாத்தா. பிள்ளையிடம் குற்றம் கண்டால் அப்பாவைக் கேட்கலாம். அவரும் கைவிட்டால் தாத்தா இருக்கிறார்.

வீட்டுக்கு இவ்வளவு வேண்டாம். என்னிடம் மூன்று டிஸ்க்குகள். ஒரு ஞாயிறு முதலாவது, மறு ஞாயிறு இரண்டாவது. வேலை முடிந்ததும் கழற்றிப் பீரோவில் வைத்து விடுவேன். மாட்டியே வைத்திருந்தால், கம்ப்யூட்டரைத் தாக்கும் வைரஸ் அதையும் விட்டு வைக்காது. மாதம் ஒரு முறை மூன்றாவது. அதன் வாசம் நாத்தனார் வீட்டில். தீயோ வெள்ளமோ திருடனோ வந்தால், ஒரே வீட்டில் இருக்கும் மூன்றும் ஒன்றாகத்தானே போகும்?

1998-இல் அமெரிக்காவில் பிக்ஸார் நிறுவனம் 'டாய் ஸ்டோரி 2' படத்தைத் தயாரித்துக் கொண்டிருந்தது. தவறாகக் கொடுத்த ஒரு கட்டளையால் படத்தின் பெரும் பகுதி அழிந்தது. நகலைத் தேடினால், அதுவும் சரியாகப் பதிவாகியிருக்கவில்லை! காப்பாற்றியவர் ஒரு தாய். கேலின் சுஸ்மன் என்ற தொழில் நுட்ப நிபுணர், கைக்குழந்தையை வைத்துக் கொண்டு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதற்காக ஒரு பிரதி வைத்திருந்தார். அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, காரில் பத்திரமாகக் கொண்டு வந்து சேர்த்தார்களாம்.

இதிலிருந்து இன்னொன்றும் கற்றேன். நகல் எடுத்தால் மட்டும் போதாது. திறந்து பார்க்கவும் வேண்டும். மாதம் ஒரு தடவை ஒரு கதையை ஓட விட்டுப் பார்ப்பது என்று திட்டம். ஆனால் மாமியார் வாரா வாரம் வந்து கேட்கிறார்: "டிஸ்க் சரியா இருக்கான்னு பார்த்தியாம்மா?"

நான் மறு பேச்சுப் பேசுவதில்லை. ஒரு கதையை ஓட விடுகிறேன்.