சொல்லாமல் விட்டது

யுத்தத்தில் தோற்றவனுக்கு முதலில் நாடு போகும். பிறகு சொத்து சுகம் போகும். தலையும் போகலாம். இவ்வளவும் போன பின் கடைசியாகப் போவது அவனுடைய கதை. வென்றவன் எழுதி வைத்ததுதான் பின்னால் வருகிறவர்களுக்கு மிச்சம். இது ஊரறிந்த பழைய சங்கதி. ஆனால் இந்தப் பழைய சங்கதியைக் கம்ப்யூட்டரில் ஆடுகிற ஒரு விளையாட்டு எனக்குப் புதிதாகச் சொல்லித் தந்தது என்றால் நீங்கள் சிரிக்கக் கூடாது.

விளையாட்டின் பெயர் 'டார்க் சோல்ஸ்'. ஜப்பானிலுள்ள ஃப்ரம்சாஃப்ட்வேர் என்ற கம்பெனி 2011-ம் ஆண்டு வெளியிட்டது. நான் அதை ஆடியவன் அல்ல. என் விரல்களுக்குப் பேனா பிடிக்கத்தான் தெரியும். அந்தப் பொத்தான்களோடு அவற்றுக்கு ஒத்துப்போகவில்லை. அண்ணன் மகன் விடுமுறைக்கு வரும்போது ஆடுவான். நான் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பார்ப்பேன். அந்த விளையாட்டில் அடிக்கடி செத்துப் பிழைக்க வேண்டியிருக்கிறது. அவன் சாகிற நேரம் போக மிச்ச நேரத்தில் என் கேள்விகளுக்குப் பதில் சொல்லுவான்.

கதையின் ஆரம்பம் இதுதான். ஆதியில் உலகம் உருவம் பெறவில்லை. எங்கும் பனிமூட்டம். அதற்குள்ளே சாம்பல் நிறப் பாறைகள், பிரமாண்டமான மரங்கள், சாவே இல்லாத டிராகன்கள். நெருப்புக் கக்கும் இறக்கை முளைத்த மலைப்பாம்பு என்று டிராகனைக் குழந்தைகளுக்குச் சொல்வோமே, அந்த ஜாதிதான்; ஆனால் இவற்றின் செதில்கள் கல்லால் ஆனவை. பிறகு எங்கிருந்தோ நெருப்பு பிறந்தது. அதோடு சூடும் குளிரும், வெளிச்சமும் இருட்டும், உயிரும் சாவும் பிறந்தன. இருட்டிலிருந்து சிலர் வந்து நெருப்பிலிருந்து பெரும் சக்திகளை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் க்வின் என்பவன் சூரிய ஒளிக்கு அதிபதி ஆனான். டிராகன்கள் மேல் படையெடுத்தார்கள். க்வின் இடியை ஏவிக் கல் செதில்களைப் பெயர்த்தான். இசாலித் நகரத்துச் சூனியக்காரி நெருப்பு மழை பொழிந்தாள். நீட்டோ என்பவன் சாவையும் நோயையும் அவிழ்த்துவிட்டான். போதாக்குறைக்கு, செதில் இல்லாமல் பிறந்த சீத் என்ற டிராகன் தன் குலத்தையே காட்டிக் கொடுத்தது. டிராகன்கள் ஒழிந்தன, நெருப்பின் யுகம் தொடங்கியது என்று முன்கதை முடிகிறது.

"இதை யாரப்பா சொல்கிறார்கள்?" என்று கேட்டேன்.

"அதுதான் சித்தப்பா, பத்து வருஷத்துக்கு மேலாக எல்லோரும் அடித்துக்கொள்கிற விஷயம்!" என்றான்.

அப்போதுதான் தெரிந்தது, இந்த விளையாட்டுக்கு ஆடுகிறவர்கள் மட்டும் அல்ல, உரையாசிரியர்களும் இருக்கிறார்கள் என்று. உலகம் பூராவும் ஆயிரக்கணக்கான பேர். இதில் கதையை யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. கையில் கிடைக்கிற வாள், மோதிரம், கவசம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வரிக் குறிப்பு உண்டு. அந்தக் குறிப்புகளையும், இடிந்த சிலைகளையும், எந்தப் பொருள் எந்த இடத்தில் கிடந்தது என்பதையும் சேர்த்து வைத்துத்தான் நடந்ததை ஊகிக்க வேண்டும். நம் ஊர்க் கல்வெட்டு ஆராய்ச்சிக்காரர்கள் பாதி உடைந்த கல்லை வைத்துக்கொண்டு படுகிற பாடுதான். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போக முடியாது. "எந்த மோதிரத்தில் இருக்கிறது?" என்று மடக்க ஆள் இருக்கிறது.

டிராகன்களைப் பற்றித்தான் எத்தனை வாதங்கள்! ஒரு கட்சி சொல்கிறது: உயிரும் சாவும் நெருப்புக்குப் பிறகே வந்தன என்றால், அதற்கு முன்பிருந்த டிராகன்கள் உயிருள்ளவையும் அல்ல, செத்தவையும் அல்ல. பாறையைப் போல இருந்தன, அவ்வளவுதான். ஆகவே அவற்றைக் கொல்ல முதலில் சாவு என்ற ஒன்று உலகத்துக்குள் வர வேண்டியிருந்தது. இதைக் கேட்டு நான் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டேன். வேதாந்தம் படித்தவர்கள் மணிக்கணக்கில் பேச வேண்டிய விஷயம். இருபது வயதுப் பையன்கள் தேநீர் குடித்துக்கொண்டே பேசுகிறார்கள்.

இன்னொரு கட்சி முன்கதையையே சந்தேகிக்கிறது. டிராகன்கள் ஒழிந்தன என்கிறீர்களே, 2012-ல் இதே விளையாட்டுக்குச் சேர்த்த பகுதியில் காலமீத் என்ற கரிய டிராகன் வானத்தில் பறக்கிறதே, அது எப்படி? க்வின்னின் பழைய படைத்தலைவன், காஃப் என்ற ராட்சத வில்லாளி, தலைநகரமே அதைச் சீண்டப் பயந்து கிடந்தது என்று வாய்விட்டுச் சொல்கிறான். ஜயித்தவர்கள் தங்களுக்கு அடங்காத ஒன்றைக் கணக்கில் எழுதாமல் விட்டுவிட்டார்கள், அவ்வளவுதானே என்பது இவர்கள் கேள்வி.

விஷச் சேறு நிறைந்த ஒரு பள்ளம். அதன் ஓரத்தில் ஒரு பெரிய மரத்தின் அடிப்பாகம். அங்கே ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பொய்ச் சுவர்கள். அடித்தால் மறைந்துவிடும். உள்ளே மரத்தின் பொந்து வழியாகக் கீழே, இன்னும் கீழே இறங்கினால், சாம்பல் போல வெளுத்த மணற்கரையும் அசையாத ஏரியும் வருகின்றன. ஆதிகாலத்து மரங்கள் தூண்களைப் போல நிற்கின்றன. கரையின் கோடியில் ஒரு கல் டிராகன் உட்கார்ந்திருக்கிறது. பேசுவதில்லை. தாக்குவதில்லை. அதன் வாலை வெட்டி ஆயுதமாக எடுத்துக்கொள்ளலாம். அப்போதும் அது திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த மரத்தடியைத் தட்டிப் பார்க்காமல் ஆட்டத்தை முடித்துவிட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு முன்கதை சொன்னதுதான் உண்மை.

இந்த வாதங்களிலெல்லாம் என்னைப் பிடித்துக்கொண்டது க்வின்னுடைய மூத்த மகனின் வழக்கு. அவன் யுத்த தேவதை. ஏதோ மடமை செய்தான் என்று சொல்லித் தேவர் பதவியைப் பறித்தார்கள், வரலாற்றிலிருந்தே நீக்கிவிட்டார்கள். இன்று பெயர்கூட யாருக்கும் தெரியாது. ஒரு மோதிரத்தின் குறிப்பு இவ்வளவுதான் சொல்கிறது. சூரியனைத் தொழுகிறவர்களின் பலிபீடத்தில் உடைந்த சிலை ஒன்று இருக்கிறது. அது அவனுடைய சிலை என்று ரசிகர்கள் கொண்டார்கள். அப்படியானால் அவன் எங்கே போனான்? நெஞ்சில் சூரியச் சின்னம் வரைந்துகொண்டு, தனக்கென்று ஒரு சூரியனைத் தேடித் திரியும் சோலேர் என்ற வீரன்தான் அவன், பழசை எல்லாம் மறந்துவிட்டான் என்று ஒரு பெரிய கூட்டம் நம்பியது. இல்லை, கொல்லுப்பட்டறையில் சம்மட்டி அடிக்கிறானே ஆண்ட்ரே, அந்தக் கிழவன்தான் என்றது வேறொரு கூட்டம். ஐந்து வருஷம் வழக்கு நடந்தது.

2016-ல் மூன்றாவது விளையாட்டு வந்தது. அதில் மேகத்துக்கு மேலே ஒரு மலை. அங்கே போக வாகனம் இல்லை. குறிப்பிட்ட இடத்தில் கால் மடக்கித் தியானத்தில் உட்கார்ந்தால்தான் வழி பிறக்கும். அந்த மலையுச்சியில், டிராகன் மேல் ஏறிப் புயலோடு வருகிறான் பெயரில்லாத ஒரு ராஜா. முன்பு டிராகன்களைக் கொன்ற யுத்த தேவதை. பிறகு எல்லாவற்றையும் துறந்து அவற்றோடு சேர்ந்துகொண்டவன். இவனே அந்த மூத்த மகன் என்று அங்கே கிடைக்கும் பொருள்களைச் சேர்த்துப் படிக்கிறவர்களுக்கு விளங்கிவிடுகிறது. சோலேர் கட்சிக்கும் கொல்லன் கட்சிக்கும் தோல்வி. ஆனால் வந்த தீர்ப்பு இரண்டு கட்சியின் ஊகத்தையும்விட உயர்ந்ததாக இருந்தது. வென்றவனின் வீட்டுப் பிள்ளையே தோற்றவர் பக்கம் போய் நின்றிருக்கிறான். அதற்குத்தான் பெயரை அழித்தார்கள். அவர்கள் 'மடமை' என்று எழுதி வைத்தது இதைத்தான். ஏன் போனான் என்பதை மட்டும் விளையாட்டு சொல்லவில்லை. வழக்கு மறுபடி தொடங்கிவிட்டது.

எங்கள் குடும்பத்திலும் இப்படி ஒரு மூத்த மகன் உண்டு. என் பெரியப்பா. நான் அவரைப் பார்த்ததில்லை. அவர் பெயரை வீட்டில் சொல்லக் கூடாது என்பது தாத்தாவின் உத்தரவு. தாத்தா போன பிறகும் உத்தரவு போகவில்லை. பாட்டிக்கு எத்தனை பிள்ளைகள் என்று வந்தவர்கள் கேட்டால், "நாலு" என்று பதில் வரும். ஆனால் தீபாவளிக்குப் பாட்டி ஜவுளி எடுக்கும்போது வேட்டி ஐந்து வரும். ஐந்துக்கும் முனையில் மஞ்சள் தடவி மணையில் அடுக்குவாள். நாலு பேர் எடுத்து உடுத்திக்கொள்வார்கள். ஐந்தாவது பெட்டிக்குள் போகும். அடுத்த தீபாவளிக்குப் புதிது வந்ததும் பழையதை யாராவது இல்லாதவருக்குக் கொடுத்துவிடுவாள்.

இவ்வளவுதான் எங்களுக்குக் கிடைத்த தடயம். பேரன் பேத்திகள் ஒன்பது பேரும் மொட்டை மாடியில் இதை வைத்துச் செய்யாத ஆராய்ச்சி இல்லை. பட்டாளத்தில் சேர ஆசைப்பட்டவன், பெரியப்பா பட்டாளத்துக்குப் போய்விட்டார் என்றான். வீட்டில் எதற்கும் அனுமதி கிடைக்காத என் அத்தை மகள், அவர் வேறு ஜாதியில் கல்யாணம் செய்துகொண்டார் என்று அடித்துச் சொன்னாள். கப்பல் படம் போட்ட புத்தகங்களைப் படித்துக்கொண்டிருந்த நான் அவரை ரங்கூனுக்கு அனுப்பி வைத்தேன். அவரவர் மனத்தில் இருந்த வழியிலே அவரை நடத்தினோம். ஒரு தடவை துணிந்து பாட்டியிடமே கேட்டேன். "சோறு ஆறுகிறது, சாப்பிடு" என்றாள்.

பாட்டி போன பிறகு பெட்டியைத் திறந்தார்கள். மஞ்சள் தடவிய வேட்டி ஒன்று இருந்தது. அப்பா அதை மடிப்புக் கலையாமல் எடுத்துத் தம் அலமாரியில் வைத்தார். அந்த வருஷம் துக்கம் என்று புதுத்துணி இல்லை. மறு வருஷம் ஜவுளிக் கடையில் அப்பா கணக்குச் சொன்னபோது ஒரு வேட்டி அதிகமாக இருந்தது. அம்மா நிமிர்ந்து பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

விளையாட்டுக்கு இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் வரும். குடும்பத்துக்கு வராது. தெரிந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். ஆனாலும் ஒன்று சொல்வேன். பெயரை அழிக்கிறவர்கள் அந்தப் பெயர் இருந்த இடத்தை அழிக்க மறந்துவிடுகிறார்கள். உடைந்த சிலைக்குப் பீடம் மிஞ்சுகிறது. நாலு பிள்ளைகளுக்கு ஐந்து வேட்டி வருகிறது. அந்த இடம் காலியாக இருப்பது தெரிகிற வரையில் யாராவது ஒரு சின்னப் பயல் வந்து, இது யாருடையது என்று கேட்கத்தான் செய்வான்.

டார்க் சோல்ஸை இயக்கிய ஹிடேடாகா மியாசாகி ஜப்பானின் ஷிசுவோகா பக்கத்தில் ஏழை வீட்டில் வளர்ந்தவர். சிறு வயதில் நூலகத்திலிருந்து தம் படிப்புக்கு மீறிய புத்தகங்களை எடுத்து வந்து படிப்பாராம். பல இடங்கள் புரியாது. புரியாத இடத்தைப் படத்தைப் பார்த்தும் தாமே கற்பனை செய்தும் நிரப்பிக்கொள்வாராம். இதை அவரே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். பெரியவரானதும், தாம் அனுபவித்த அந்தக் காலி இடங்களை மற்றவர்களுக்கும் விட்டு வைத்தார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

கதை எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. சொல்லாமல் விடுவதில் இரண்டு வகை. சொல்லத் தெரியாமல் விடுவது ஒன்று. அதைச் சுற்றி எத்தனை மர்மம் பூசினாலும் வாசகன் மோந்து பார்த்துவிடுவான். தெரிந்து, அளந்து விடுவது மற்றொன்று. பாட்டி எடுத்தது சரியாக ஐந்து வேட்டி. ஆறு இல்லை, நாலரை இல்லை. அவளுக்குக் கணக்குத் தெரியும்.

என் நாவல் ஒன்றில் கடைசி அத்தியாயத்தில் ரயிலேறிப் போகிற பெண் என்ன ஆனாள் என்று கேட்டு இன்னும் கடிதங்கள் வருகின்றன. போன மாதம் ஒரு அம்மாள் கேட்கவில்லை. அவள் எந்த ஸ்டேஷனில் இறங்கியிருப்பாள், ஏன் அங்கே இறங்கினாள் என்று அவரே நாலு பக்கம் எழுதியிருந்தார். அதற்கு ஆதாரமாக மூன்றாம் அத்தியாயத்தில் அந்தப் பெண் வாங்கிய ஒரு ஜோடி வளையலைக் காட்டியிருந்தார். அந்த வளையலை நான் ஒரு காரணத்தோடுதான் வாங்க வைத்தேன். இறங்கிய ஸ்டேஷன் சரியா தவறா என்று நான் பதிலில் எழுதவில்லை. வளையலைப் பார்த்ததற்கு நன்றி என்று மட்டும் எழுதினேன்.