ஸ்டெப்னி கிட்டார்!



"பேஸ் கிட்டாரா? நாலே நாலு கம்பிதானே இருக்கு, மீதி ரெண்டை யாருடா கழட்டுனது?" நம் கேன்டீனில் என்னிடம் இதைக் கேட்காத ஆளே இல்லை. எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். யாரும் கழட்டவில்லை சாமி! பிறவியிலேயே அதற்கு நாலு கம்பிதான். பாட்டில் அது இருப்பது பலருக்குத் தெரியாது. நின்றுவிட்டால் மட்டும் "என்னமோ குறையுதே" என்று எல்லோருக்கும் தெரியும். நம்பாதவர்கள் இளையராஜா பாட்டு ஒன்றைப் போட்டு, பாடுகிறவரை விட்டுவிட்டு, அடியில் ஓடும் அந்தத் தடித்த ஒலியை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். பாட்டுக்குள் இன்னொரு பாட்டு கேட்கும். ஏ.ஆர்.ரஹ்மான் பாடல்கள் பலவற்றில் அந்த வேலையைச் செய்தவர் கீத் பீட்டர்ஸ்.

நான் எழுத வந்தது, ஒரு பேஸ் கிட்டார் கையில் இருக்கும்போதே இரண்டாவதாக ஒன்று வாங்கிய கதை. தவளக்குப்பத்தில் டெம்போ ஓட்டுபவரின் மகன், வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள், இரண்டு கிட்டார் வைத்திருக்கிறான் என்றால் "ரொம்ப ஓவர்" என்றுதான் தோன்றும். எங்கள் அம்மாவுக்கும் அப்படித்தான் தோன்றியது.

நம் ஊரின் வார இறுதி உங்களுக்குத் தெரியும். சென்னை, பெங்களூரு வண்டிகளெல்லாம் இங்கேதான் நிற்கும். மாடி உணவகங்களிலும் பப்களிலும் சனி, ஞாயிறு இரவுகளில் இசைக்குழுக்களுக்கு வேலை இருக்கும். 1982-ல் பிரான்சில் தொடங்கிய ஜூன் 21 இசைத் திருநாளை நம் புதுச்சேரியிலும் கொண்டாடுகிறோம் அல்லவா? பேஸ் கிட்டாரை நான் பக்கத்தில் நின்று பார்த்ததே அப்படி ஒரு ஜூன் மாலையில்தான். இன்று நான்கு பேர் குழுவில் நான்தான் கடைக்குட்டி. ஓர் இரவுக்கு 1,500 ரூபாய். அதில்தான் என் பஸ் செலவு, ரெக்கார்டு நோட்டு, பரீட்சை ஃபீஸ் எல்லாம். மிச்சம் அம்மாவின் சீட்டுக்குப் போகும்.

போன டிசம்பரில், ஆண்டின் கடைசி வாரம், கூட்டம் நிரம்பிய ஒரு மாடியில் மூன்றாவது பாட்டின் நடுவே என் கிட்டார் ஊமையாகிவிட்டது. கேபிளை மாற்றினோம், ஆம்பை மாற்றினோம், ஊஹூம்! அன்று மீதி நிகழ்ச்சி பேஸ் இல்லாமலேயே நடந்தது. "ஒரு ஆள் வாசிக்கவே இல்லையே" என்று பணத்தைக் குறைத்துக் கொடுத்தார்கள். அடுத்த வாரம் அங்கே வேறு குழு. திங்கட்கிழமை நம் லேப் மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்தால், பிக்கப் சுருள் ஓப்பன். அந்தச் செம்புக் கம்பியின் தடிமன் சுமார் 0.06 மில்லிமீட்டர், தலைமுடி மாதிரி. உப்புக் காற்றில் உள்ளேயே அரித்து அறுந்திருந்தது. பிக்கப்பை மாற்றியதும் கிட்டார் பிழைத்துக்கொண்டது. ஆனால் எங்கள் குழுவின் மூத்த அண்ணன் சொன்னது மட்டும் காதிலேயே நின்றது:

"தம்பி, உன் வாசிப்புல குறை இல்ல. ஆனா ஒரு மாசத்துக்குள்ள ஸ்பேர் ஒண்ணு பாத்துக்க. இல்லன்னா ரெண்டு கிட்டார் வச்சிருக்கிற ஆளைத்தான் நாங்க கூப்பிட வேண்டியிருக்கும்."

வீட்டில் சொன்னேன். "அதான் சரி பண்ணிட்டியே, ரெண்டாவது எதுக்குடா? ஒரு வாய்க்கு ரெண்டு கரண்டியா?" என்றார் அம்மா. வாசலில் டெம்போவைக் கழுவிக்கொண்டிருந்த அப்பா திரும்பிப் பார்த்தார். கிட்டாரைப் பற்றி அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் சொன்னார்: "ஸ்டெப்னி இல்லாம நான் வண்டி எடுக்கறேனா? நடுரோட்டுல பஞ்சர் ஆனா சவாரி நமக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா?" அத்தோடு விடவில்லை. "ஸ்டெப்னிக்குன்னு யாரும் புது டயர் வாங்க மாட்டாங்க. பழசு போதும். ஆனா அளவு மட்டும் ஒண்ணா இருக்கணும்."

கடையிலும் யூடியூபிலும் நான் கேட்ட ஆலோசனைகள் ஏராளம். அவற்றையெல்லாம் விட இந்த இரண்டு வரிதான் எனக்கு வழிகாட்டியது. "வட்டிக்கு வாங்கித் தரட்டுமா?" என்றும் அப்பா கேட்டார். வேண்டாம் என்று விட்டேன். ஆறு இரவுச் சம்பளம், அதாவது 9,000 ரூபாய். அதற்கு மேல் ஒரு பைசா இல்லை, தவணையும் இல்லை. இதுதான் நான் போட்டுக்கொண்ட கணக்கு.

முதலில் அளவு. வழக்கமான பேஸ் கிட்டாரில் கம்பி அதிரும் நீளம் 34 அங்குலம். குட்டை ரகத்தில் 30 அங்குலம். "சின்னதா இருந்தா தூக்கிட்டுப் போக வசதிதானே?" என்பீர்கள். முதல் ஃப்ரெட்டின் அகலம் 34 அங்குலத்தில் சுமார் 1.9, 30 அங்குலத்தில் சுமார் 1.7. பார்க்க அற்ப வித்தியாசம். ஆனால் மேடை இருட்டில் விரல் கண்ணால் பார்த்தா போகிறது? பழக்கத்தால் போகிறது! பாதி நிகழ்ச்சியில் கிட்டார் மாற்றும்போது விரல் தடுமாறக் கூடாது. ஆகவே, 34-க்கு 34.

இரண்டாவது, பாட்டரி. 'ஆக்டிவ்' ரகங்களுக்குள் 9 வோல்ட் பாட்டரி ஒன்று இருக்கும். ஒலியை நன்றாகக் கூட்டிக் குறைக்கலாம், மறுப்பதற்கில்லை. ஆனால் மாதக்கணக்கில் உறையில் தூங்கி, அவசரத்துக்கு எழுந்து வர வேண்டியது என் ஸ்டெப்னி. அந்த நேரம் பார்த்து பாட்டரி செத்திருந்தால்? பாட்டரியே இல்லாத 'பாஸிவ்' ரகம்தான் பாதுகாப்பு.

மூன்றாவது, நம் துறைக்காரர்களுக்குப் பிடித்த விஷயம். பிக்கப் என்பது காந்தத்தின் மேல் சுற்றிய செம்புச் சுருள். மேலே இரும்புக் கம்பி அதிர்ந்தால் சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படும். 1831-ல் ஃபாரடே கண்டுபிடித்து, நாம் முதலாம் ஆண்டில் மனப்பாடம் செய்த அதே விதிதான்! வம்பு என்னவென்றால், அந்தச் சுருள் மேடை விளக்கு, டிம்மர், பக்கத்துச் சுவரின் ஒயரிங் எல்லாவற்றிலிருந்தும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் பிடிக்கும். ஈ கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் பிறக்கும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். இரைச்சல் கிட்டத்தட்ட நம் சுரத்தின் மேலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும்!

இதற்கு மருந்து 1957-லேயே வந்துவிட்டது. அமெரிக்காவின் லியோ ஃபெண்டர் 1951-ல் 'பிரிசிஷன் பேஸ்' என்ற கிட்டாரைக் கொண்டுவந்தார். 1957-ல் அதன் பிக்கப்பை இரண்டு துண்டாகப் பிரித்து, காந்தத்தையும் சுற்றையும் ஒன்றுக்கொன்று எதிராக வைத்தார்கள். கம்பியின் ஒலி தப்பிக்கும், இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சாகும். இதில் எனக்குப் பிடித்த செய்தி வேறு. ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது! கணக்குப் படித்துவிட்டு ரேடியோ ரிப்பேர் கடை நடத்தியவர் அவர். சோல்டரிங் அயர்ன் பிடிக்கும் நம் கைகளும் லேசுப்பட்டவை அல்ல, நண்பர்களே!

ஒரு சனிக்கிழமை பகலில் பஸ் ஏறி, சென்னை அண்ணா சாலையில் 1842 முதல் இருந்துவரும் மியூசி மியூசிக்கல் கடைக்குப் போய் ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் மாட்டிப் பார்த்தேன். ஸ்குயர், யமஹா, ஐபனெஸ்... ஆசைக்கு அளவேது? என் 9,000 எதற்கும் எட்டவில்லை. ஆனாலும் அந்தப் பயணம் வீண் இல்லை. நல்ல கழுத்து கைக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டேன். நான்கு கிலோ எடை இரண்டு மணி நேரம் தோளில் தொங்கினால் என்ன ஆகும், அதையே முதுகில் மாட்டிக்கொண்டு இரவு 12 மணிக்கு ஸ்கூட்டரில் சுண்ணாம்பாறு பாலம் தாண்டி வந்தால் என்ன ஆகும் என்றும் தெரிந்துகொண்டேன்.

கடைசியில் அகப்பட்டது பழசு. வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிய ஓர் அண்ணனின் கோர்ட் கிட்டார். 34 அங்குலம், பாட்டரி இல்லை, பிளந்த பிக்கப். ஓரத்தில் பெயின்ட் பெயர்ந்திருந்தது. பெயின்ட்டா வாசிக்கப் போகிறது? மல்ட்டிமீட்டரோடு போனேன். வால்யூமை முழுதும் திறந்து, கேபிளின் நுனியில் வைத்தால் சுமார் 10 கிலோ ஓம் காட்டியது. சுருள் உயிரோடு இருக்கிறது! முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒரே கம்பியில் அழுத்திக்கொண்டு, ஏழாவது ஃப்ரெட் பக்கம் பார்த்தேன். விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளிதான் இருந்தது. கழுத்து வளையவில்லை. ஜாக்கை ஆட்டினால் கரகரவென்றது. "இது ரிப்பேர்ண்ணா" என்று சொல்லி 500 குறைத்தேன். 8,500-க்கு முடிந்தது. அன்றிரவே ஈயம் வைத்துச் சரிசெய்தேன். இருபது நிமிட வேலை. மிச்சமான 500 அம்மாவின் சீட்டில்.

அண்ணன் கொடுத்த கெடு முடிய நான்கு நாள் இருந்தது. இப்போது இரண்டையும் கொண்டு போகிறேன். வாசித்து முடித்ததும் இரண்டின் கம்பிகளையும் துணியால் துடைத்து வைக்கிறேன். கடற்காற்றுக்கு இரும்பு என்றால் அவ்வளவு ருசி. கம்பி ஒரு செட் வாங்கப் போனால் ஆயிரத்தைத் தாண்டுகிறது. இதுவரை ஸ்டெப்னி மேடை ஏறியது ஒரே ஒரு முறை. அதற்கு நான் வருத்தப்படவில்லை. அப்பாவின் ஸ்டெப்னியும் வருடத்தில் பாதி நாள் சும்மாதான் கிடக்கிறது. அது இருக்கிற தைரியத்தில்தான் அவர் தினமும் வண்டியை எடுக்கிறார். நானும் இப்போது அப்படித்தான் மேடை ஏறுகிறேன்.

நம்மில் பலர் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள். போட்டோ எடுப்பவன், கேட்டரிங் போகிறவன், மைக் செட் போடுகிறவன் என்று நம் வகுப்பிலேயே எத்தனை பேர்! ஒருநாள் சம்பளம் போனால் நம் வீட்டில் அது தெரியும். அதனால் இரண்டாவது கருவி நமக்கு ஆடம்பரம் இல்லை. பெயரைப் பார்த்து வாங்கினால்தான் அது ஆடம்பரம். வேலையைப் பார்த்து, அளவைப் பார்த்து, கைக்கு அடங்கும் விலைக்கு வாங்குங்கள்.

யாராவது பழைய கிட்டார் வாங்கப் போவதாக இருந்தால் சொல்லுங்கள், மல்ட்டிமீட்டரோடு நானும் வருகிறேன். பஸ் செலவு மட்டும் உங்களுடையது!

— மூன்றாம் ஆண்டு, மின் மற்றும் மின்னணுவியல் துறை