மிஞ்சிய கிழங்கு

சமையற்கலையில் மிகவும் கடினமான பகுதி சமைப்பது அன்று, அளவு பார்ப்பதுதான். எட்டுப் பேருக்குச் சமைத்தால் பன்னிரண்டு பேர் வந்து நிற்பார்கள். பன்னிரண்டு பேருக்குச் சமைத்தால் நாலு பேர் வருவார்கள். அவர்களிலும் இருவர், "இன்று எங்களுக்கு விரதம்" என்று சொல்லிவிடுவார்கள். நாம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு எத்தனையோ கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். இரண்டு குழாய்களைத் திறந்துவிட்டால் தொட்டி எத்தனை நிமிஷத்தில் நிரம்பும் என்று கேளுங்கள், உடனே விடை சொல்வோம். ஆனால் விருந்தாளிகள் வருகிற தினத்தில் பூரிக்கு எத்தனை கிழங்கு வேக வைக்க வேண்டும் என்ற கணக்குக்கு மட்டும் எந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் விடை அச்சாகவில்லை.

சென்ற ஆடிப்பூரத்தன்று நம் வீட்டில் இந்தக் கணக்குத் தவறிப் போயிற்று. ஆடிப்பூரம் ஆண்டாள் அவதரித்த தினம் என்பதும், அன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரிய தேர் ஓடும் என்பதும் நேயர்களுக்குத் தெரிந்தவையே. மதுரையிலிருந்து உறவினர் ஒன்பது பேர் தேர் பார்க்க வருவதாகவும், காலைப் பலகாரம் நம் வீட்டில்தான் என்றும் சொல்லியிருந்தார்கள். மூன்று கிலோ உருளைக்கிழங்கு வெந்து, தோல் உரிந்து, உப்பும் மஞ்சளும் சேர்ந்து மசிந்தது. பாதியைத் தாளித்தாயிற்று, மீதிப் பாதி வெறும் மசியலாகவே காத்திருந்தது. வந்து சேர்ந்தவர்கள் மூவர். மற்ற அறுவரும் தேர்க் கூட்டத்தில் அகப்பட்டு மீண்டு, ஆளுக்கு அரைக் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு, வந்த வழியே பஸ் ஏறிவிட்டதாகப் பிறகு டெலிபோன் செய்தி வந்தது.

தேர் நிலைக்கு வந்துவிட்டது, வந்தவர்களும் போய்விட்டார்கள். மசியல் மட்டும் பாத்திரம் நிறைய நம் எதிரில் வீற்றிருந்தது.

"மூடி வைத்தால் போயிற்று. நாளைக் காலையில் அந்த அம்மா வந்ததும் டப்பாவில் போட்டுக் கொடுத்துவிடலாம்" என்றாள் வீட்டுக்காரி.

அந்த அம்மா என்றது, நம் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிறவரை. மிஞ்சியதை அவரிடம் கொடுப்பது நம் வீட்டில் நீண்ட நாளைய வழக்கம். நம் வீட்டில் மட்டும் என்ன, இரண்டு ஊரிலும் பல வீடுகளில் இதுதான் வழக்கம். இதில் உள்ள சௌகரியம் பெரிது. ஒரே செய்கையில் பாத்திரமும் காலியாகிறது, புண்ணியமும் சேருகிறது. நாமும் வெகு காலம் அப்படித்தான் எண்ணியிருந்தோம், சென்ற பங்குனி மாதம் வரையில்.

பங்குனியில் ஒருநாள் காலை, ராஜபாளையம் பள்ளிக்கூடத்துக்குப் போவதற்காகப் பஸ் நிலையத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தோம். தெரு முனையில் அந்த அம்மாள் குனிந்து நின்று, நாம் கொடுத்த டப்பாவைத் திறந்து ஒரு நாயின் முன்னால் கவிழ்த்துக்கொண்டிருந்தார். ராஜபாளையத்து ஜாதி நாய் அன்று. சாதாரணத் தெரு நாய். அது மோந்து பார்த்தது. நம்மையும் ஒரு பார்வை பார்த்தது. பிறகு மெதுவாக அப்பால் நடந்துவிட்டது.

அந்த அம்மாள் நிமிர்ந்தபோது நாம் எதிரில் நின்றோம். அவர் முகத்தில் தோன்றியது கோபம் அல்ல, பயம். "கெட்டுப் போச்சுய்யா, அதான்..." என்று இழுத்தார். "முன்னமேயே சொல்லியிருக்கலாமே, வேண்டாம் என்று" என்றோம். "வேணாம்னு சொன்னா அம்மா மனசு சங்கடப்படுமேய்யா" என்றார்.

அன்று வகுப்பில் நாம் என்ன பாடம் நடத்தினோம் என்பது நினைவில்லை. நம் தர்மம் அவருக்கு ஒரு வேலையாக இருந்திருக்கிறது. பாத்திரம் தேய்ப்பதற்குச் சம்பளம் உண்டு. நம் மனம் நோகாமல் காப்பாற்றியதற்கு மட்டும் சம்பளம் இல்லை. இதை வீட்டில் சொல்ல நமக்குத் தைரியம் வரவில்லை. ஆடிப்பூரத்தன்று அந்த மசியலின் எதிரில்தான் சொன்னோம். வீட்டுக்காரி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு பாத்திரத்தை எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, "அப்படியானால் இதற்கு வழி நீங்களே சொல்லுங்கள், சயன்ஸ் வாத்தியார்தானே!" என்றாள்.

வழி தேடும் முன் சற்றே கிழங்கின் பூர்வோத்தரத்தைப் பார்ப்போம். உருளைக்கிழங்கு நம் நாட்டுச் சரக்கு அன்று. தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலைவாசிகள் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பயிரிட்டு வந்தது. மிஞ்சிய கிழங்கை அவர்கள் எறிந்துவிடவில்லை. இரவுப் பனியில் உறைய வைத்து, காலால் மிதித்து நீரைப் பிழிந்து, வெயிலில் உலர்த்தி ஆண்டுக் கணக்கில் சேமித்தார்கள். அதற்குச் 'சுன்யோ' என்று பெயர். நம் காதில் அது சூன்யம்போல் விழுந்தாலும், பஞ்ச காலத்தில் அவர்கள் வயிறு சூன்யமாகாமல் காத்தது அதுதான். 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் இக்கிழங்கை ஐரோப்பாவுக்குக் கொண்டு போனார்கள். அயர்லாந்தில் ஏழைகள் இதையே நம்பி வாழ்ந்தார்கள். 1845-ல் பயிரில் நோய் விழுந்து, அடுத்த சில ஆண்டுகளில் அங்கே பத்து லட்சம் பேர் மாண்டார்கள். நம் பக்கத்தில் 1820-களில் ஜான் சல்லிவன் என்ற கலெக்டர் நீலகிரியில் உருளைக்கிழங்கைப் பயிர் செய்வித்தார். இன்று பூரிக்குப் பக்கத்தில் அது இல்லாவிட்டால் நம் மக்கள் பூரியையே தள்ளிவிடுகிறார்கள்.

மிஞ்சியதை மாற்றி வைக்கும் வித்தை நமக்கும் புதிதன்று. நம் பாட்டிமார்கள் மிஞ்சிய சோற்றைப் பிசைந்து வடகமாக இட்டார்கள். நம் ஊர்ப் பால்கோவாவைத்தான் பாருங்கள். இந்த வெயிலில் சில மணி நேரத்தில் திரிந்து போகிற பால், சர்க்கரையோடு அடுப்பில் சுண்டினால் சில நாள் நிற்கிறது. 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்று அது உலகப் பிரசித்தமும் ஆகிவிட்டது. பால் இவ்வளவு கௌரவம் அடையும்போது கிழங்கு ஏன் அடையக்கூடாது?

பிற்பகல் மூன்று மணிக்கு நாமே அடுப்படியில் இறங்கினோம். மசியலை உருட்டித் தட்டி எண்ணெயில் பொரிப்பது என்று தீர்மானம். வீட்டுக்காரிக்கு விஷயத்தை விளக்கவும் செய்தோம்: "கிழங்கில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். மீதியில் பெரும்பகுதி மாவுச் சத்து. சூடாயிருக்கும்போது அது பசைபோல் குழையும், ஆறினால் இறுகும். ஆகையால் உடனே மசித்த கிழங்கைவிட மிஞ்சி ஆறிய கிழங்குதான் உருட்டுவதற்கு உத்தமம். எண்ணெய் 170, 180 டிகிரி சூட்டில் இருந்தால், மேலே உள்ள ஈரம் நூறு டிகிரியில் ஆவியாகி வெளியே சீறும். அந்த ஆவியே எண்ணெயை எளிதில் உள்ளே விடாது. மேற்புறம் உலர்ந்து மொறுமொறுப்பாகும்."

விளக்கம் பிரமாதமாக இருந்தது. பலகாரந்தான் அப்படி இல்லை. முதலில் போட்ட ஐந்து உருண்டைகளும் எண்ணெயில் இறங்கியதும் ஒன்றோடொன்று கலந்தாலோசித்து, பிறகு கலந்தே போய்விட்டன. வாணலியில் மஞ்சள் நிறமாக ஒரு கூழ் நுரைத்தது.

அந்தச் சமயத்தில்தான் அந்த அம்மாள் மாலை வேலைக்கு வந்து சேர்ந்தார். வாசற்படியிலிருந்தே வாணலியை எட்டிப் பார்த்தார்.

"வாத்தியாரய்யா, இது நீர் கோத்த கிழங்கு. இப்படியே போட்டா கரையத்தான் செய்யும்" என்றார்.

"என்ன செய்யலாம்?" என்று கேட்டாள் வீட்டுக்காரி.

"வெறுஞ்சட்டியில போட்டுக் கிளறி ஈரத்தை ஓட்டுங்கம்மா. ஆறினப்புறம் பொரிகடலையைத் திரிச்சுச் சேருங்க. ரவை இருக்கா? அதுல புரட்டித்தான் போடணும்."

அடுத்த அரை மணி நேரம் நாம் மாணவரானோம். மசியலைச் சட்டியில் கிளறினோம். சட்டியில் ஒட்டாமல் திரண்டு வந்ததும் தட்டில் பரப்பி ஆற வைத்தோம். நான்கு கிண்ணம் மசியலுக்கு அரைக் கிண்ணம் பொரிகடலை மாவு, நான்கு கரண்டி அரிசி மாவு, பொடியாய் நறுக்கிய பச்சை மிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை, கொத்தமல்லி. தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது. உருட்டி, விரற்கனத்துக்குத் தட்டி, ரவையில் இரு புறமும் புரட்டினோம். எண்ணெயில் ஒரு சிட்டிகை மாவைப் போட்டு, அது உடனே மேலே வருகிறதா என்று பார்த்தோம். ஒரு தடவைக்கு நாலு. அதற்கு மேல் போட்டால் எண்ணெயின் சூடு இறங்கிவிடும். "அடிப்பக்கம் சிவக்கிற வரைக்கும் கரண்டியை உள்ளே விடாதீங்க. தொட்டாத்தான் உடையும்" என்பது அந்த அம்மாளின் கடைசி உபதேசம். பையன்களுக்குப் பாடம் சொல்லும்போதும் இதை அனுசரிக்கலாம் என்று தோன்றியது.

"இதெல்லாம் எங்கே தெரிந்துகொண்டீர்கள்?" என்று கேட்டோம்.

"கல்யாணச் சமையலுக்குக் கூடமாட இருபது வருஷம் போனேன்யா. மூட்டு வலி வந்தப்புறம் நிக்க முடியலை."

ஆறு வருஷமாக அவர் நம் வீட்டுக்கு வருகிறார். மிஞ்சியதைக் கொடுத்திருக்கிறோம், பழைய புடவை கொடுத்திருக்கிறோம். இந்த ஒரு கேள்வியை மட்டும் ஆறு வருஷமாகக் கேட்டதில்லை.

பலகாரம் பொன்னிறமாக வந்தது. முதல் தட்டை வீட்டுக்காரி அந்த அம்மாளிடம் நீட்டினாள். அவர் வழக்கம்போல் டப்பாவைத் தேடினார். "டப்பாவுக்கு அப்புறம் வேறே இருக்கிறது. இதைச் சூடாகச் சாப்பிட வேண்டும்" என்று சொல்லி, மனைப்பலகையைத் தள்ளிப் போட்டுத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த அம்மாள் தயங்கி அமர்ந்தார். ஒரு கடி கடித்தார். மொறுக்கென்று கூடம் வரையில் சத்தம் கேட்டது. நாம் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையனைப்போல் நின்றோம்.

"உப்பு ஒரு கல்லு கம்மி" என்றார்.

ஆறு வருஷத்தில் நம் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி அவர் சொன்ன முதல் அபிப்பிராயம் அது. நமக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. குறை சொல்லும் உரிமை உள்ளவர்தான் விருந்தாளி. குறையே சொல்ல முடியாதவரை நாம் வேறு ஏதோவாக நடத்திக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம்.

இது அற்ப விஷயம் என்று சிலர் எண்ணலாம். 2022-ஆம் ஆண்டில் உலகத்தில் 105 கோடி டன் உணவு வீணாயிற்று என்றும், அதில் நூற்றுக்கு அறுபது பங்கு வீடுகளில் வீணானது என்றும் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024-ல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. ஹோட்டல்களும் கல்யாண மண்டபங்களும் சேர்ந்து வீணாக்குவதைவிட, சிக்கனம் பேசுகிற நம் சமையலறைகள் வீணாக்குவது அதிகம். ஒரு தேசத்தின் உணவுப் பிரச்னையில் பாதிக்கு மேல் நம் பாத்திரத்தின் அடியில் இருக்கிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பொரிப்பது கெட்டதை நல்லதாக்கும் மந்திரம் அன்று. வெந்த கிழங்கையும் சோற்றையும் நம் வெயிலில் வெளியே வைத்திருந்தால் கிருமிகள் பெருகும். அவற்றில் சில உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடேற்றினாலும் போகாது. மிஞ்சியது தெரிந்த உடனே குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். கூடியவரை அன்றைக்கே மாற்ற வேண்டும். நாளைக்கு வைத்துப் பிறருக்குக் கொடுப்பது சிக்கனமும் அன்று, தர்மமும் அன்று.

நாம் குடியிருக்கும் ஊரும் நமக்குச் சம்பளம் தரும் ஊரும் இந்தப் பாடத்தை எப்போதோ சொல்லி வைத்திருக்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் பெருமாளுக்குரிய மாலையைத் தான் சூடி அழகு பார்த்துவிட்டுக் கொடுத்தாள். தகப்பனார் பெரியாழ்வார் பதறினார். பெருமாளோ அந்த மாலைதான் வேண்டும் என்றார். இன்றைக்கும் அவள் சூடிக் களைந்த மாலை சித்திரையில் கள்ளழகருக்கும், புரட்டாசியில் திருப்பதிக்கும் போகிறது. தனக்கு வேண்டாததை அவள் கொடுக்கவில்லை. தன் கழுத்துக்கு உகந்ததைக் கொடுத்தாள். ராஜபாளையத்திலோ, 1949 முதல் 1952 வரை சென்னையின் முதல் மந்திரியாயிருந்த பூ. ச. குமாரசுவாமி ராஜா, காந்தி கலை மன்றத்துக்காகத் தம் வீட்டையே கொடுத்தார். பழைய நாற்காலி நாலைக் கொடுத்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கலாம்; அவர் அப்படிச் செய்யவில்லை.

அவ்வளவு பெரிய ஈகை வாத்தியார் சம்பளத்தில் நடக்காது. ஆகையால் நம் வீட்டில் ஒரு சிறிய சட்டம் செய்திருக்கிறோம்: நாம் உட்கார்ந்து சாப்பிடாத எதையும் பிறர் டப்பாவில் போடுவதில்லை. மிஞ்சினால் அன்று மாலையே ஏதாவது பலகாரம், அந்த அம்மாள்தான் தலைமை, வீட்டுக்காரி துணை, ஈரத்தை ஓட்டும் வேலை நம்முடையது.

மதுரை உறவினர்கள், அடுத்த ஆடிப்பூரத்துக்கு ஒன்பது பேரும் அவசியம் வருவதாக எழுதியிருக்கிறார்கள். மூன்று கிலோ கிழங்கே வேக வைக்கப் போகிறோம். அவர்கள் வந்தாலும் நல்லது, வராவிட்டாலும் நல்லது. உப்பை மட்டும் ஒரு கல் கூட்டிப் போடுவோம்.