இரண்டு ஜிபியில் ஒரு செர்ன்

வெள்ளி, இரவு

பகலில் போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கடை ஒன்றில் கணக்கெழுதுகிறார் ஒருவர், இரவில் இயற்பியல். எம்.எஸ்சி. முடித்த கையோடு வேலைக்கு வந்துவிட்டாலும் படிப்பு அவரை விடவில்லை. மேசைமேல் ராஸ்பெர்ரி பை 4 கிடக்கிறது: சீட்டுக்கட்டு அகலத்தில் ஒரு பச்சைப் பலகை, நான்கு கோர், இரண்டு ஜிபி ராம். அதில் ‘ரூட்’டை ஏற்றியாக வேண்டும்.

ரூட், துகள் இயற்பியலுக்காக செர்ன் ஆய்வகத்தில் பிறந்த மென்பொருள் சட்டகம். 1995இல் ரெனே புருனும் ஃபோன்ஸ் ரேட்மேக்கர்ஸும் தொடங்கிவைத்தது. 2012இல் ஹிக்ஸ் துகளை அறிவித்தபோது பத்திரிகைகளில் வந்த, நடுவில் சின்ன மேடு தெரியும் வரைபடங்கள் இதில் வரையப்பட்டவைதான். காசு கிடையாது, மூலநிரல் முழுவதும் திறந்தே கிடக்கிறது. ஆயத்தத் தொகுப்புகள் பெரும்பாலும் வழக்கமான மேசைக் கணினிகளையும் மடிக்கணினிகளையும் மனதில் வைத்துச் செய்தவை. அதனால் மூலநிரலை இந்தப் பலகையிலேயே கம்பைல் செய்துவிடுவது என்று முடிவு.

மடிக்கணினி இருக்கும்போது இந்த வம்பு எதற்கு? மொட்டைமாடியில் மியூவான் எண்ண வேண்டும், அதுதான் காரணம். வானிலிருந்து கடல்மட்டத்துக்கு வந்து சேரும் மியூவான் துகள்கள் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று வீதம் இருக்கும். ஒரு துண்டு பிளாஸ்டிக் சிந்திலேட்டர், ஒளியை உணரும் சிலிக்கான் சில்லு, எண்ணிக்கையைப் பதிய ஒரு சின்னக் கணினி போதும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ‘காஸ்மிக்வாட்ச்’ என்ற பெயரில் மாணவர்கள் செய்துபார்க்கும் கருவி ஏறக்குறைய இதுதான். இரவு பகலாக மாடியில் மடிக்கணினியை விட்டுவைக்க முடியாது. பையை விடலாம்.

ஊட்டியில் கிரேப்ஸ்-3 ஆய்வகத்தின் மியூவான் தொலைநோக்கி 560 சதுர மீட்டர் பரப்புள்ளது. 2014 டிசம்பர் 1ஆம் தேதி மேலே நின்ற இடிமேகத்தில் 1.3 ஜிகாவோல்ட் மின்னழுத்தம் இருந்ததை மியூவான்களின் எண்ணிக்கை குறைந்ததை வைத்தே கணக்கிட்டார்கள். உள்ளங்கை அளவுக் கருவிக்கு அதெல்லாம் தெரியப்போவதில்லை. ஆனாலும் ஐப்பசியில் போடிமெட்டு மேல் இடி இறங்கும்போது எண்ணிப் பார்க்காமல் இருக்க இவரால் முடியாது.

சனி

கம்பைலுக்கு முன்னேற்பாடு செய்யும் சிமேக், காலையிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. எக்ஸ்11 நூலகம் எங்கே, எக்ஸ்பிஎம் எங்கே, எக்ஸ்எஃப்டி எங்கே? ஒன்றைப் போட்டால் அடுத்தது. தேவையில்லாதவற்றை அணைத்தார்: இயந்திரக் கற்றலுக்கான டிஎம்விஏ வேண்டாம், ரூஃபிட் இப்போதைக்கு வேண்டாம். பிறகு கம்பைலை ஓட்டும் ‘மேக்’, நான்கு கோருக்கும் நான்கு வேலை.

சதவீதம் ஏறுகிறது, திரையில் ஓடுவதோ ரூட்டின் கோப்புகள் அல்ல. எல்எல்விஎம், கிளாங் என்று மணிக்கணக்கில் வேறு எதுவோ போகிறது. சி++ மொழியில் எழுதியதை முதலில் கம்பைல் செய்துவிட்டுத்தான் ஓட்ட முடியும். இயற்பியல்காரருக்கோ ஒரு வரி தட்டியதும் விடை வர வேண்டும். அதற்காக ரூட்டுக்குள் ‘கிளிங்’ என்ற உரைமாற்றி இருக்கிறது. அது நிற்பது கிளாங், எல்எல்விஎம் என்ற முழுக் கம்பைலரின் தோளில். அதாவது இந்தக் குட்டிப் பலகை முதலில் ஒரு கம்பைலரைக் கொண்டு இன்னொரு கம்பைலரைக் கட்டுகிறது. வரைபடம் போடும் பகுதியெல்லாம் அதற்கு அப்புறம்தான். ஆயத்தத் தொகுப்பை இறக்கியிருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது.

மாலையில் நின்றது. ‘சிசி1பிளஸ் கொல்லப்பட்டது’ என்று ஒரு வரி; சி++ கம்பைலர்தான் அது. எதற்கு, யாரால் என்று ஒன்றும் இல்லை. புதிதாக வருகிறவர்கள் நிரலில்தான் தவறு என்று நினைத்து இந்த இடத்தில் கைவிடுகிறார்கள். கெர்னல் பதிவைத் திறந்தால் உண்மை தெரியும்: நினைவகம் தீர்ந்ததும் லினக்ஸே அதிகம் தின்றுகொண்டிருந்த செயலியைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. எல்எல்விஎம்மின் சில கோப்புகள் ஒவ்வொன்றும் தனியாகவே ஒரு ஜிபி வரை கேட்கக்கூடியவை. இரண்டு ஜிபியில் நான்கை ஏககாலத்தில் விட்டால் வேறென்ன ஆகும்?

நான்கை இரண்டாகக் குறைத்தார். யூஎஸ்பி வழியே ஒரு எஸ்எஸ்டியை மாட்டி ராம் தீரும்போது கைகொடுக்க அதில் நான்கு ஜிபி ஸ்வாப் ஒதுக்கினார். ஸ்வாப்பை மெமரி கார்டிலேயே வைத்திருக்கலாம்தான். ஓயாமல் எழுதி அழித்தால் கார்டு சீக்கிரம் செத்துவிடும்.

ஞாயிறு

அப்பத்தா வந்து பலகைக்கு மேலே கையைக் காட்டிப் பார்த்தது.

“ஏய்யா, அடுப்பாட்டம் கொதிக்குதே, அணைச்சுப் போடேன்.”

“முடியட்டும் அப்பத்தா. அறுபத்தி ரெண்டு வந்துருச்சு.”

“காய்ச்சலா?”

சதவீதம் அது. சூடு 80 டிகிரி செல்சியஸ். அந்த எல்லையைத் தொட்டால் பை தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வேலை நிற்காது, இழுத்துக்கொண்டே போகும். ஆடி மாதம், மலையிலிருந்து காற்று அடித்து இறங்குகிறது. சன்னலைத் திறந்து பலகையை அதற்கு நேரே வைத்ததும் சூடு நன்றாகவே இறங்கியது. கூடவே புழுதியும் வந்தது. மதியம் ஓர் அலுமினியத் தகடும் சின்ன விசிறியும் வாங்கிக்கொண்டு சன்னலைச் சாத்தினார்.

திரை மூலையில் மின்னல் குறி ஒன்று வந்து வந்து போனது. போன் சார்ஜரை மாட்டியிருந்தார்; பலகைக்கு வரும் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் அந்தக் குறி வரும். 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டரை மாட்டியதும் மறைந்தது.

திங்கள்

கடையில் வேலை நெட்டி வாங்கியது. வீட்டில் பை தானாக ஓடிக்கொண்டிருந்தது. இரவில் பேச்சு பொட்டிப்புரத்துக்குப் போனது. போடியில் நியூட்ரினோ என்று வாயெடுத்தால் அங்கேதான் போகும்.

போடி மேற்கு மலையைக் குடைந்து, எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாறை மூடியிருக்க, நியூட்ரினோ துகள்களை ஆராய 50,000 டன் காந்த இரும்புக் கருவி வைப்பது அங்கே திட்டம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018இல் சிறப்பு நேர்வாக மறுபடி அனுமதி வந்தது. 2022இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையையும் மதிகெட்டான் – பெரியாறு புலி வழித்தடத்தையும் காட்டி, அனுமதிக்க முடியாது என்றது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை நம்பி இருபோகம் நடும் பள்ளத்தாக்கில், மலைக்குள் வெடி வைக்கப்போகிறார்கள் என்றால் ஜனங்கள் பயப்படுவார்கள். அதை அறியாமை என்று சொல்லி நகர்ந்தவர்கள்தான் திட்டத்துக்கு அதிகக் கெடுதல் செய்தார்கள்.

மலை விஷயம் எப்படியோ, மதுரையில் அதே கருவியின் சிறு வடிவம், 85 டன் ‘மினி ஐகால்’, 2018 முதல் மியூவான்களைப் பதிந்துவருகிறது. பதினோரு அடுக்கு இரும்புத் தகடுகள், இடையிடையே இரண்டு மீட்டர் சதுரத்தில் உணர்கருவிகள். கல்லூரி நாளில் நேரில் பார்த்திருக்கிறார். பெரிய கருவிக்கான உருவகக் கணக்குகளில் துகளைப் பாயவிடுவது ஜியன்ட்4. கிடைத்ததைச் சேமித்து அலசுவது ரூட்.

செவ்வாய்

மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பதிலிருந்து கரண்டு இல்லை. பேப்பரில் போட்டிருந்ததைப் பார்க்கவில்லை; பை ஓடியபடியே அணைந்தது.

மாலையில் கரண்டு வந்தது, இணையம் வரவில்லை. இதில் என்ன சிக்கல் என்றுதான் தோன்றும். மேக் வேலையை விட்ட இடத்திலிருந்து தொடரும். மூலக் கோப்பின் நேரத்தையும் விளைந்த கோப்பின் நேரத்தையும் ஒப்பிட்டு, மூலம் புதிதாக இருந்தால் மட்டும் மறுபடி கம்பைல் செய்யும். ஆனால் பை 4இல் பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாது. திறக்கும்போது கடைசியாகக் குறித்துவைத்த நேரத்தை எடுத்துக்கொண்டு, இணையம் வந்த பிறகுதான் திருத்திக்கொள்ளும். பலகைக்கு இன்னும் காலை மணி எட்டரை. வட்டில் இருப்பதோ ஒன்பது மணிக்கு உருவான கோப்புகள். ‘இந்தக் கோப்பின் நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது, கட்டுமானம் முழுமையாக இல்லாமல் போகலாம்’ என்று எச்சரிக்கைகள் கொட்டின. போனில் ஹாட்ஸ்பாட் போட்டு நேரத்தைச் சரிசெய்ததும் நின்றன.

புதன்

இணைக்கும் கட்டத்தில் லிங்கர் ஒரு கோப்பைப் பார்த்து, இது என்ன வடிவமென்றே தெரியவில்லை என்றது. திறந்து பார்த்தால் அளவு சைபர். கரண்டு போன நொடியில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு அது: பெயரும் நேரமும் பதிந்துவிட்டன, உள்ளே ஒன்றும் இல்லை. மேக் நேரத்தை மட்டும் பார்த்து, முடிந்தது என்று தாண்டிப் போயிருக்கிறது. சைபர் பைட் கோப்புகளை ஒரே கட்டளையில் தேடி அழித்துவிட்டு மீண்டும் விட்டார். அவை மட்டும் புதிதாக உருவாயின.

நள்ளிரவுக்குச் சற்று முன்னால் நூறு.

வியாழன்

ரூட் திறக்கச் சில விநாடிகள் எடுக்கிறது; பழைய கார் கிளப்புகிற பொறுமை வேண்டும். கூடவே வரும் ‘எச்சிம்பிள்’ பயிற்சியை ஓட்டினார். தற்செயல் எண்கள் 25,000, கண்முன்னே மணி வடிவத்தில் குவிந்தன. கடையில் ஏலக்காயைச் சல்லடைகளில் எட்டு மில்லிமீட்டர், ஏழு என்று தரம் பிரிப்பதை அன்றாடம் பார்க்கிறவருக்கு ஹிஸ்டோகிராமை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இரவில் கம்பத்திலிருந்து நண்பர் கூப்பிட்டார். பன்னீர் திராட்சைத் தோட்டத்தில் மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்க ஒரு பழைய ராஸ்பெர்ரி பை 2 வைத்திருப்பவர்.

“மாப்ள, கட்டுனதை அப்படியே காப்பி போட்டுக் குடு. நான் வேற எதுக்கு ஒரு வாரம் காயணும்?”

முடியாது. இங்கே கட்டியது 64 பிட்டுக்கு; அந்தப் பலகை 32 பிட், அதோடு ஒரே ஜிபி ராம். சனிக்கிழமை கம்பத்துக்குப் பஸ் ஏறுகிறார். கையில் எஸ்எஸ்டியும் அடாப்டரும். ஒரு சமயத்தில் ஒரே வேலை, குறைந்தபட்சப் பகுதிகள் மட்டும் என்று பேசி வைத்திருக்கிறார்கள். கம்பத்தில் பராமரிப்பு என்றைக்கு என்பதையும் நண்பர் விசாரித்துவிட்டார்: அடுத்த புதன்கிழமை.