மழையின் மீது போட்ட பழி

லண்டனின் வடமேற்குப் புறநகரில், சகோதரர் இருவராக நாங்கள் வீட்டு ஜன்னல்களைக் கழுவும் தொழில் செய்து வருகிறோம். தெருவாரியாகப் பட்டியல் வைத்துக்கொண்டு, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை அதே வீடுகளுக்குச் செல்வது எங்கள் வழக்கம். நவம்பர் பிறந்துவிட்டால் வாடிக்கையாளர்களிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்: "மழை பெய்கிறதே, இன்று கழுவி என்ன பயன்?"

மழைநீரில் கரைந்துள்ள உப்புகள் மிகக் குறைவு. தூய்மையான கண்ணாடியில் விழும் துளி பெரும்பாலும் தடயமின்றி உலர்ந்துவிடும். ஏற்கெனவே படிந்த புழுதியும், பறவை எச்சமும், சட்டங்களில் தேங்கிய அழுக்கும் கரைந்து வழிவதாலேயே கண்ணாடி கறைபடுகிறது. லண்டன் குழாய்நீரோ சுண்ணாம்பு மிகுந்தது. உலர்ந்தால் வெள்ளைப் புள்ளிகள் நிற்கும். ஆகவே அந்நீரை வடிகட்டியிலும், பின்னர் ரெசின் நிரப்பிய குடுவையிலும் செலுத்தி உப்புகளை நீக்குகிறோம். அந்நீரை நீண்ட கம்பத்தின் நுனியிலுள்ள தூரிகை வழியே பாய்ச்சினால், துணி படாமலேயே கண்ணாடி பளிச்சென உலரும். நீரின் உப்பளவைக் காட்டும் மானி பூஜ்யத்தில் நிற்க வேண்டும். அதுவே எங்கள் தராசு.

ஆகவே சாதாரண மழைக்கு நாங்கள் வேலையை நிறுத்துவதில்லை. பலத்த காற்று வீசினாலும் மின்னல் தெரிந்தாலும் மட்டும் கம்பத்தை இறக்கிவிடுவோம்.

சென்ற ஆண்டு அத்தகைய ஒரு மழைநாளில் மானி 38 காட்டியது. ரெசின் தீர்ந்திருந்தது. திரும்பிச் சென்றால் அன்றைய வருவாய் போய்விடும். எங்களுள் இளையவர், "நானா, தண்ணீர் சரியில்லை" என்றார். "மழைதானே பெய்கிறது? புள்ளி விழுந்தாலும் மழையால் என்றே நினைப்பார்கள்" என்றார் மூத்தவர். இளையவர் மறுத்துப் பேசவில்லை. ஐந்து வீடுகளை அந்நீராலேயே கழுவிப் பணமும் பெற்றுக்கொண்டோம்.

இரண்டு நாள் கழித்து, இஷாவுக்குப் பின் எங்கள் உம்மா பேரப்பிள்ளைகளுக்கு ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஒரு சம்பவத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. காரணம் கேட்டபோது, மழையில் நனைந்துவிட்டதாக வியாபாரி கூறினார். மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள்.

"மழை நனைத்தால் அவர் என்ன செய்வார்?" என்று எங்கள் பிள்ளை ஒன்று கேட்டது.

"நனைந்ததை யாரும் குறை சொல்லவில்லை, மகன். அடியில் ஒளித்ததைத்தான் கேட்டார்கள்" என்றார் உம்மா.

நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க இயலாமல் அமர்ந்திருந்தோம்.

மறுநாள் புதிய ரெசினுடன் அந்த ஐந்து வீடுகளுக்கும் சென்று நடந்ததைக் கூறினோம். நால்வர் மீண்டும் கழுவ அனுமதித்தார்கள், கூலி பெறவில்லை. ஒருவர் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு, இனி வர வேண்டாம் என்று கதவைச் சாத்தினார். அது அவருடைய உரிமை. நால்வருள் ஒரு மூதாட்டி மட்டும் சிரித்துவிட்டு, "நான் மழையை அல்லவா திட்டிக்கொண்டிருந்தேன்!" என்றார். கதவு சாத்தப்பட்டதைவிட அந்தச் சொல்லே எங்களை அதிகம் உறுத்தியது. மழை பெய்யும்போது அதைப் பயனுள்ளதாக ஆக்கித் தருமாறு அல்லாஹ்விடம் கேட்க நாம் கற்பிக்கப்பட்டுள்ளோம். அவனது அருளான அந்த மழையையே எங்கள் குறைக்குத் திரையாக்கியிருந்தோம்.

இப்போது வண்டியில் மாற்று ரெசின் எப்போதும் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டின் முன்பும் மானியைப் பார்த்த பின்னரே தூரிகையை உயர்த்துகிறோம்.

சகோதர சகோதரிகளே, பழியைச் சுமத்த வசதியான ஒரு மழை எல்லாத் தொழிலிலும் உண்டு. நம் குடும்பங்கள் உண்ணும் ஒவ்வொரு கவளத்தையும் அல்லாஹ் ஹலாலானதாகவும் பரக்கத் நிறைந்ததாகவும் ஆக்குவானாக. ஆமீன்.